கேப் டவுன் முதல் விக்டோரியா அருவி வரை, ஜூலையில் 20 நாள் கூடாரப் பயணம்: எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

வடகாற்று:

ஜூலை முதல் வாரம் கேப் டவுனில் டிரக் ஏறி, நமீபியா, போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வே பக்கத்து விக்டோரியா அருவியில் இறங்கும் குழுப் பயணத்தில் இடம் போட்டிருக்கிறேன். 20 நாள், ஏறத்தாழ 5,500 கி.மீ. இருப்பதிலேயே விலை குறைந்த கூடார வகை. கூடாரம், நுரை மெத்தை, சமையல் சாமான் அவர்கள் தருவார்கள். ஸ்லீப்பிங் பேக்கும் தலையணையும் நாம் கொண்டுபோக வேண்டும். சக்கரம் இல்லாத துணிப்பை ஒன்று, 20 கிலோவுக்குள். கூடாரம் அடித்துப் பழக்கம் கிடையாது.

தெரிய வேண்டியவை இவை. ஆப்பிரிக்காதானே, மெல்லிய ஸ்லீப்பிங் பேக் போதுமா? தினமும் கூடாரம் அடித்துப் பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை? நான்கு நாட்டுக்கும் என்ன பணம் கொண்டுபோவது? தடுப்பூசி, மலேரியா மாத்திரை விஷயம் என்ன? சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு வழி உண்டா?

பாலைவழி:

மெல்லிய பையோடு போகவே போகாதீர்கள். ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். பகலில் 22–25 டிகிரி, சட்டையோடு சுற்றலாம். சூரியன் இறங்கி ஒரு மணி நேரத்தில் ஜாக்கெட்டைத் தேடுவீர்கள். நமீப் பாலையிலும் கலஹாரியில் கான்சி பக்கத்திலும் விடியற்காலை பூஜ்ஜியத்தை ஒட்டி வரும், சில நாள் அதற்கும் கீழே இறங்கும். மேகம் இல்லை, காற்றில் ஈரம் இல்லை. பகல் முழுக்க மண் வாங்கிய சூட்டைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் அது நேராக வானத்துக்குப் போய்விடுகிறது.

பையில் மூன்று எண் போட்டிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்ஃபர்ட் எண் 0 முதல் -5 வரை இருக்கும் பையை எடுங்கள். சீக்கிரம் குளிர் தட்டுகிற உடம்பு என்றால் -5 பக்கமே போங்கள். உள்ளே போட ஒரு ஃப்ளீஸ் லைனர் இருந்தால், வடக்கே போட்ஸ்வானா எல்லையில் கசானே பக்கம் இரவு கொஞ்சம் இதமாகும்போது லைனர் மட்டும் போர்த்திக்கொண்டு படுக்கலாம்.

பலரும் கோட்டை விடுவது அடிப்பக்கம். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். டிரக்கில் தரும் மெத்தை சுமார் 5 செ.மீ. நுரை, எத்தனையோ பேர் படுத்து இடுப்புப் பக்கம் தட்டையாகிப் போயிருக்கும். பையின் அடிப்பக்கப் பஞ்சும் உடம்பு எடையில் நசுங்குவதால் அங்கே அது வேலை செய்யாது. மெத்தைக்குக் கீழே ஒரு அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய நுரைப்பாய் விரித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். எடை கால் கிலோ கூட வராது.

படுக்கும் முன் உள்ளாடை, சாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பகல் வியர்வை துணியில் ஒட்டியிருக்கும். அது உலர உங்கள் உடம்புச் சூட்டைத்தான் எடுக்கும். கெட்டியான ஒரு லிட்டர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்தால் விடியும்வரை சூடு நிற்கும். கடையில் வாங்கும் மெல்லிய தண்ணீர் பாட்டிலில் இதைச் செய்யாதீர்கள், வெந்நீர் பட்டதும் சுருங்கி ஒழுகும். தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடுவதும் தப்பு. மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கி, மறுநாள் அதே பை குறைவாகத்தான் சூடு தரும். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு முகத்தை வெளியே வையுங்கள்.

இன்னொன்று: கேப் டவுன் பகுதிக்கு மழை குளிர்காலத்தில்தான். முதல் ஓரிரண்டு இரவு மழையில் கழியலாம். நமீபியாவுக்குள் நுழைந்துவிட்டால் அந்த மாதம் மழை பற்றி யோசிக்கத் தேவையில்லை.

முளையடி:

கூடாரம் பற்றி நான் சொல்கிறேன். இந்த டிரக்குகளில் வருவது மலையேறுகிறவர்கள் தூக்கிப்போகும் இலேசான நைலான் வகை அல்ல. கனத்த கான்வாஸ், உலோகக் குழாய்ச் சட்டம், அடியில் தைத்த தடித்த பிளாஸ்டிக் தரை. பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேருக்கு ஒன்று. துணி சட்டத்தின் உள்ளே கொக்கிகளில் தொங்கும். பழகாத இருவருக்கு முதல் நாள் அரை மணி, நான்காம் நாள் பத்து நிமிடம்.

வரிசை முக்கியம். முதலில் தரையைக் காலால் தேய்த்துப் பாருங்கள். கல், குச்சி, நெருஞ்சி. ஆமாம், நம் நெருஞ்சியேதான், நமீபியா முகாம்களில் நிறைய. காற்றடைக்கும் மெத்தை கொண்டுபோகிறவர்களுக்கு அதுதான் எமன். ஒரு முள் செருப்பில் ஒட்டிக் கூடாரத்துக்குள் வந்தால் போதும். அதனால் செருப்பை வாசலில் தட்டிவிட்டு உள்ளே எடுங்கள்.

பிறகு காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, வாசல் எதிர்ப்பக்கம் வருமாறு தரையை விரியுங்கள். சட்டத்தைத் தூக்கும் முன்பே காற்று வரும் பக்கத்து இரண்டு மூலையிலும் முளை அடித்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு முதலில் நிறுத்தினால், நமீப் பாலையின் சோசுஸ்வ்லே மணல்மேடுகள் பக்கம் பிற்பகல் காற்றில் கூடாரம் பந்துபோல உருண்டு ஓடும். மற்ற இரண்டு மூலையையும் தரை சுருக்கம் இல்லாமல் இழுத்து அடியுங்கள். அடிக்கும்போது ஜிப் மூடியிருக்க வேண்டும். திறந்து வைத்து அடித்தால் மூலைகள் அதிகம் விலகி, அப்புறம் ஜிப் மூட இழுக்கும்போது பல் தெறிக்கும். முளையின் தலை கூடாரத்திலிருந்து விலகிச் சாய்ந்திருக்கட்டும். அதற்குப் பின் குழாய்களைப் பொருத்தி, உச்சிக் கொக்கியில் தொடங்கிக் கீழ்நோக்கி மாட்டுங்கள். கடைசியில் மேல்விரிப்பு.

மணல் முளையைப் பிடிக்காத இடங்களில் ஒரு துணிப்பையில் மணல் நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழம் குழி தோண்டிப் புதைத்து மிதியுங்கள். ஸ்பிட்ஸ்கோப்பே மாதிரிப் பாறைத் தரையில் முளை வளையும், அங்கே கல்லில் கட்டுவதுதான் வழி. பகலில் வெளியே போகும்போது இருவர் பையும் கூடாரத்துக்குள் எதிரெதிர் மூலையில் இருக்கட்டும், ஜிப் முழுக்க மூடியிருக்கட்டும்.

கூடாரத்தில் முதலில் கெடுவது ஜிப். மணல் துகள், இழுக்கும்போது பற்களின் மேல் ஓடும் ஓட்டியை உள்ளிருந்து அரம்போலத் தேய்க்கும். ஓட்டியின் இரண்டு தகடும் விலகிவிட்டால், இழுத்த பின்னாலேயே ஜிப் வாய் பிளக்கும். பல் போய்விட்டது என்று நினைத்துப் பலமாக இழுக்கிறார்கள், அப்போதுதான் உண்மையிலேயே பல் போகும். ஓட்டியின் ஒரு பக்க விளிம்பைக் குறடால் இலேசாக அழுத்துங்கள், பிறகு மறுபக்கம். ஒரே அழுத்தில் இறுக்கினால் ஓட்டி உடையும்; கொஞ்சம் அழுத்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். தினமும் காலையில் பழைய பல் துலக்கும் பிரஷால் மணலைத் தட்டி, மெழுகுவர்த்தித் துண்டை ஒருமுறை தேய்த்தால் இந்த நிலையே வராது. எண்ணெய் போடாதீர்கள், மணல் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கேப் டவுனில் கூடாரம் கையில் வந்ததும் ஒருமுறை முழுக்க நிறுத்திப் பாருங்கள். முளை எண்ணிக்கை, குழாய் விரிசல், கொசுவலையில் ஓட்டை, ஜிப். வேறு கூடாரம் மாற்றித் தருவது அங்கே சுலபம், பாலைவனத்தில் முடியாது. நிறுவனம் குறித்த எண் கூடாரத்தில் இருக்கும், அதைப் படம் எடுத்து வையுங்கள். 20 நாளும் அதே கூடாரம்தான் உங்களுடையது.

மழையில் கான்வாஸின் உட்பக்கத்தைக் கையால் தொடாதீர்கள், பையையும் சாய்த்து வைக்காதீர்கள். தொட்ட இடத்தில் நீர் உள்ளே இறங்கத் தொடங்கும். ஈரமாக மடித்தால் அன்று மதியமே எங்காவது நிறுத்தும்போது விரித்து உலர்த்துங்கள். இரண்டு நாள் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சைக் கறை பிடித்துவிடும், அந்த வாடை பயணம் முடியும்வரை போகாது. ஸ்வாகோப்முண்ட் கடற்கரையில் மழை இல்லாவிட்டாலும் இரவுப் பனிமூட்டத்தில் துணி நனைந்திருக்கும்.

பிரிக்கும்போது தரையைக் கவிழ்த்து உதறி, பையின் நீளத்துக்குச் சரியாக மடித்து, பின்பக்கத்திலிருந்து வாசலை நோக்கிச் சுருட்டுங்கள். வாசல் ஜிப்பில் ஒரு சாண் திறந்து வையுங்கள், காற்று அந்த வழியே போகும். மூடி வைத்துச் சுருட்டினால் தலையணைபோல உப்பிப் பைக்குள் போகாது.

கணக்குப்பிள்ளை:

பணம் எளிது. தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியாவிலும் ஒன்றுக்கு ஒன்று செல்லும், நமீபிய டாலர் அதனோடு கட்டப்பட்டது. ஆனால் திரும்ப அப்படி இல்லை. நமீபிய டாலர் எல்லை தாண்டினால் செல்லாது, நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கை விட்டுக் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். ஏடிஎம்மில் எடுத்தால் நமீபிய நோட்டுதான் வரும் என்பதால் அங்கே கொஞ்சமாக எடுங்கள். போட்ஸ்வானாவில் புலா, கான்சியிலோ மவுனிலோ ஏடிஎம் உண்டு. ஜிம்பாப்வேக்கு அமெரிக்க டாலர், 1, 5, 10 நோட்டுகளாக. சில்லறை கிடைப்பது கஷ்டம், கிழிந்த நோட்டையும் கிறுக்கிய நோட்டையும் வாங்கமாட்டார்கள்.

விலையில் என்ன அடங்கும் என்பதை வரி வரியாகப் படியுங்கள். பல நிறுவனங்கள் பயண விலைக்கு மேல் ‘நடவடிக்கைக் கட்டணம்’ என்று தனியே ஒரு தொகை கேட்கும். மலிவாகத் தெரியும் பயணத்தில் பூங்கா நுழைவும், போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் மொகோரோ என்னும் ஒடுங்கிய படகில் போவதும் அதற்குள் ஒளிந்திருக்கும். இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். எல்லா வேளைச் சாப்பாடும் அடங்காது, ஸ்வாகோப்முண்டில் பெரும்பாலும் சொந்தச் செலவு.

இன்னொரு வித்தியாசம், சோசுஸ்வ்லே மணல்மேடுகளுக்கு வாயிலான செஸ்ரியெமில் எந்த முகாம் என்று கேளுங்கள். பூங்காவின் வெளிவாயிலுக்குள் தங்குகிறவர்கள் சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பலாம். வெளியே தங்கினால் உதயத்துக்குப் பிறகுதான் வாயில் திறக்கும். 45-ஆம் எண் மணல்மேடு வாயிலிலிருந்து 45 கி.மீ. உள்ளே இருக்கிறது. அதன் உச்சியில் விடியலைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு வெற்றுப் பக்கம் இருக்கட்டும். விசா விதி பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறும், அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தில் பாருங்கள். கவனிக்க வேண்டியது எத்தனை முறை நுழைவு என்பது. விக்டோரியா அருவியிலிருந்து ஒருநாள் போட்ஸ்வானாவின் சோபே பூங்காவுக்குப் போய்வந்தால் ஜிம்பாப்வேக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். திரும்பும் வழியில் ஜோஹன்னஸ்பர்க் வந்து விமான நிலையத்துக்கு வெளியே தங்கினால் தென்னாப்பிரிக்காவுக்கும் அதே கதை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டே ஆக வேண்டும், சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஊசிமருந்து:

மேலே கடைசி வரி அப்படியே சரியில்லை, திருத்த வேண்டும். இந்த நான்கு நாடுகளிலும் இந்தப் பாதையில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் இல்லை. அபாயமுள்ள நாட்டிலிருந்து வருகிறவரிடம்தான் சான்றிதழ் கேட்பார்கள். சிக்கல் விமான மாற்றத்தில். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ விமானம் மாறி, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் கேட்கலாம். டிக்கெட் போடும்போதே காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். ஊசி போட்டால் சான்றிதழ் பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும்.

மலேரியா வேறு விஷயம், அது உண்மையான அபாயம். நமீபியாவின் எதோஷா பூங்கா தொடங்கி வடக்கே ஒகவாங்கோ, சோபே, விக்டோரியா அருவி வரை. ஜூலை வறண்ட மாதம், கொசு குறைவு. அதற்காக மாத்திரையை விட்டுவிடக் கூடாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடோவாகுவோன்-ப்ரோகுவானில் என்றால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, மலேரியா பகுதியை விட்டு வெளியே வந்தபின் 7 நாள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் நன்றாக உடம்பில் சேரும். டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் வெளியே வந்தபின்னும் 4 வாரம் தொடர வேண்டும், தோல் வெயிலில் சீக்கிரம் கருகும். அதை இரவு படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகிவிடும். சாப்பாட்டோடு, ஒரு முழு டம்ளர் தண்ணீரில், அதன்பின் அரை மணி நேரமாவது படுக்காமல்.

கொசு எண்ணெயில் டீட் என்ற கொசுவிரட்டி மருந்து 30 சதவீதம் போதும். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் டீட். டீட் பட்டால் பிளாஸ்டிக் இளகும், கைக்கடிகாரப் பட்டையும் கண்ணாடி ஃபிரேமும் பாழாகும். ஊருக்குத் திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் அடங்குகிறதா என்று பாருங்கள். ஒகவாங்கோ டெல்டா முகாமுக்கு ரோடு கிடையாது.

வடகாற்று:

எல்லோருக்கும் நன்றி. ஸ்லீப்பிங் பேக் மாற்றிவிட்டேன். அடிஸில் காத்திருப்பு 14 மணி நேரம் இருந்தது, டிக்கெட்டையும் மாற்றுகிறேன். சைவம், பாத்திரம் கழுவும் முறை, டெல்டா முகாம் பற்றி யாராவது சொல்லுங்கள். அறைக்கு மாறிக்கொள்ளும் வசதி உண்டு என்கிறார்கள், அது எங்கே பயன்படும்?

மூன்றுகல்லடுப்பு:

சைவம் முடியும், ஆனால் பயணத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள், முதல் நாள் சமைப்பவரிடம் நேரிலும் சொல்லுங்கள். அங்கே ‘சைவம்’ என்றால் கோழி, மீன் சாப்பிடுவார் என்று நினைப்பவர்கள் உண்டு. இறைச்சி, கோழி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்வது நல்லது. சோள மாவில் கிண்டும் பாப், காரமான காய்கறிக் கூட்டான சகலாகா, தாளில் சுற்றித் தணலில் வைக்கும் பட்டர்நட் பூசணி, பாதியாக அறுத்துச் சோளம் நிரப்பிய ஜெம் ஸ்குவாஷ் எல்லாம் அந்த ஊர் வழக்கமான உணவே. பிராய், அதாவது தணலில் இறைச்சி சுடும் இரவில், சுடும் கம்பி ஒன்றுதான் இருக்கும். உங்கள் காய்களை அலுமினியத் தாளில் சுற்றித் தணல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பருப்பும் பயறும் நெடுஞ்சாலை சூப்பர் மார்க்கெட்டில் டப்பாவில் கிடைக்கும். டிரக் நிற்கும்போது நீங்களே நான்கு டப்பா வாங்கி வைத்தால் புரதத்துக்குக் குறையில்லை.

போட்ஸ்வானாவுக்குள் கால்நடைக் கோமாரி நோய்த் தடுப்பு வேலிகள் உண்டு. பச்சை இறைச்சி, பாலைப் பறிமுதல் செய்வார்கள், சோடா கரைத்த ஈர மெத்தையில் காலணியை மிதிக்கச் சொல்வார்கள். பைக்குள் இருக்கும் மற்ற ஜோடிகளையும் கேட்பார்கள், அன்று மட்டும் அவற்றை மேலாக வையுங்கள்.

பாத்திரம் கழுவுவது முறை போட்டுச் செய்வார்கள். மூன்று தொட்டி: சோப்பு வெந்நீர், வெறும் தண்ணீர், ப்ளீச் கலந்த தண்ணீர். நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ளீச் போதும், அதில் ஒரு நிமிடமாவது கிடக்க வேண்டும். முதலில் டம்ளர், பிறகு கரண்டி, தட்டு, கடைசியில் எண்ணெய்ப் பாத்திரம். துணியால் துடைக்கக் கூடாது. கையில் இரண்டு தட்டைப் பிடித்து விசிறியாக ஆட்டி உலர்த்துவார்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும், காரணம் உறுதியானது: ஒரே ஈரத்துணி இருபது தட்டில் படும்போது ஒருவர் வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் டிரக் முழுக்கப் பரவும். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் முன் சோப்பால் கை கழுவுங்கள். கைக்கிருமிநாசினி மட்டும் போதாது, நோரோவைரஸ் அதற்கு அடங்காது.

டெல்டா முகாமில் வேலி கிடையாது. மொகோரோவில் இடம் குறைவு, இரண்டு இரவுக்கான துணி மட்டும் சின்னப் பையில், அதையும் பிளாஸ்டிக் உறைக்குள். படகின் விளிம்பு நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும், அடியில் கொஞ்சம் நீர் எப்போதும் நிற்கும். அங்கோலாவில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்த மழை மெதுவாக ஊர்ந்து மவுன் பக்கம் வந்து சேர்வதே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்பதால் ஜூலையில் தண்ணீர் நிறைய இருக்கும். கழிப்பறை என்பது தோண்டிய குழியும் ஒரு மண்வெட்டியும். மண்வெட்டி அதன் இடத்தில் இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இரவில் வெளியே வர வேண்டுமானால் ஜிப்பை ஒரு கை அளவு திறந்து, விளக்கைச் சுற்றிலும் அடித்துப் பாருங்கள். கண் மின்னினால் உள்ளேயே இருங்கள், படகோட்டியைக் குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள். பழம், பிஸ்கட், பற்பசை எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். ஆரஞ்சு வாடைக்கு யானை வரும். காலணியை வெளியே விட்டால் கழுதைப்புலி கவ்விப் போகும், உள்ளே வைத்தாலும் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

மின்சாரம்: டிரக்கில் இன்ஜின் ஓடும்போதுதான் சார்ஜ் ஏறும், இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று டெல்டா நாட்களைத் தாங்கும். அது 74 வாட்-ஹவர், விமானக் கைப்பையில் போகலாம். தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் தடித்த மூன்று உருண்டைப் பின் எம் வகை பிளக். பல அடாப்டர்களில் அது இருக்காது, தனியே வாங்க வேண்டும். ராணுவப் பச்சைப்புள்ளித் துணி எதையும் எடுக்காதீர்கள், ஜிம்பாப்வேயிலும் போட்ஸ்வானாவிலும் பொதுமக்கள் அதை அணியச் சட்டம் இடம் கொடுக்காது.

அறை விஷயம். ஸ்வாகோப்முண்டில் கூடாரப் பயணிகளுக்கும் பெரும்பாலும் கட்டில் கிடைக்கும், அட்டவணையில் பாருங்கள். அங்கேதான் துணி துவைத்து, எல்லாச் சார்ஜும் ஏற்றிக்கொள்ள வேண்டும். எதோஷாவில் ஒகாகுவேயோ முகாமில் அறைக்குக் காசு கொட்டாதீர்கள். விளக்குப் போட்ட நீர்நிலை எல்லோருக்கும் பொதுவானது, இரவு முழுக்கப் போர்வையோடு உட்கார்ந்து காண்டாமிருகம் வருவதைப் பார்க்கலாம். நரி மட்டும் கூடாரங்களுக்கு நடுவே குப்பைத் தொட்டி தேடி அலையும். பணம் போட வேண்டிய இடம் கான்சி, அல்லது டெல்டாவிலிருந்து திரும்பி வரும் மவுன் இரவு. முன்பதிவு பெரும்பாலும் முடியாது, வந்து இறங்கியதும் வரவேற்பறையில் கேட்க வேண்டும். ஆகவே டிரக் நின்றதும் இருவரில் ஒருவர் நேராக அங்கே போங்கள், மற்றவர் கூடாரப் பையை இறக்கட்டும்.